பி.எஸ். ஐ ஸ்டில் லவ் யூ: பாதி பிடிச்சது, பாதி உறுத்துது

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரே ஒரு படத்தைப் பத்தித்தான் பேசப் போறேன். 2020 பிப்ரவரி 12-ஆம் தேதி, காதலர் தினத்துக்கு சரியா ரெண்டு நாள் முன்னாடி நெட்ஃபிளிக்ஸ்ல வந்த ‘டு ஆல் த பாய்ஸ்: பி.எஸ். ஐ ஸ்டில் லவ் யூ’. இது மூணு படத்துல நடுப் படம். மூணுலயும் அதிகமா சண்டை வந்ததும் இதுக்குத்தான்.

இந்தப் படத்தைப் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும், ரெண்டே நிமிஷத்துல “நீ டீம் பீட்டரா, டீம் ஜான் ஆம்ப்ரோஸா?”ன்னு கேள்வி வந்துடும். ஜாலியான கேள்விதான், நானும் பதில் சொல்லிருக்கேன். ஆனா படம் அதை விடப் பெரிய ஒரு கேள்வியோடதான் ஆரம்பிக்குது. ஒருத்தரோட வாழ்க்கையில நமக்கு முன்னாடி இன்னொருத்தர் இருந்திருந்தா, அந்த நினைப்போட நிம்மதியா எப்படி இருக்கிறது? பதினாறு வயசுலயும் இது வலிக்கும், இருபத்தாறுலயும் வலிக்கும். படம் இந்தக் கேள்வியைத் தைரியமா எடுத்து மேசை மேல வைக்குது. அப்புறம் நடுவுல அதை அப்படியே விட்டுட்டு, ஒரு அழகான பையனைக் கொண்டு வந்து நிறுத்திடுது. எனக்குப் பிடிச்சதும் உறுத்தினதும் ரெண்டுமே அங்கதான் இருக்கு.

முன்கூட்டியே சொல்லிடறேன், மூணு படத்தோட முடிவும் இதுல வரும். இன்னும் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, நாங்க எங்கயும் போகலை.

மறந்தவங்களுக்கு ஒரு சின்னச் சுருக்கம்

முதல் படம் ‘டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’, 2018 ஆகஸ்ட்ல வந்தது. ஜெனி ஹான் 2014-ல எழுதின நாவல்தான் அதுக்கு அடிப்படை. லாரா ஜீன் சாங் கவி (லானா காண்டர்) கொரிய அம்மாவுக்கும் வெள்ளைக்கார அப்பாவுக்கும் பிறந்த பொண்ணு. அம்மா இறந்துட்டாங்க. அப்பா டாக்டர். அக்கா மார்கோ, தங்கச்சி கிட்டி. லாரா ஜீனுக்கு யார் மேலயாவது கிரஷ் வந்து தாங்க முடியாமப் போனா, அவனுக்கு ஒரு கடிதம் எழுதி, விலாசமும் எழுதி, அனுப்பாம ஒரு பெட்டியில வச்சுடுவா. அப்படி அஞ்சு கடிதம். ஒரு நாள் அந்த அஞ்சும் தபால்ல போயிடுது. வேலை கிட்டியோடது.

அந்த அஞ்சு பேர்ல ஒருத்தன் பீட்டர் கவின்ஸ்கி (நோவா சென்டினியோ). ஸ்கூல்ல எல்லாருக்கும் பிடிச்ச லக்ராஸ் பிளேயர். அவனோட முன்னாள் காதலி ஜெனவீவ், சுருக்கமா ஜென். இந்த ஜென் ஒரு காலத்துல லாரா ஜீனோட உயிர்த் தோழி. பீட்டருக்கு ஜென்னைப் பொறாமைப்பட வைக்கணும். லாரா ஜீனுக்கு, கடிதம் போன இன்னொருத்தனான அக்காவோட பழைய காதலன்கிட்ட இருந்து தப்பிக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து காதலர்கள் மாதிரி நடிக்கிறதா ஒப்பந்தம் போடறாங்க. நடிப்பு எங்க போய் முடியும்னு உங்களுக்குத் தெரியும்.

ரெண்டாவது படம் அதுக்கு அப்புறம் ஆரம்பிக்குது. இப்போ ரெண்டு பேரும் நிஜமாவே காதலர்கள். அஞ்சு கடிதத்துல ஒண்ணு போன ஜான் ஆம்ப்ரோஸ் மெக்லாரன் (ஜோர்டன் ஃபிஷர்) பதில் கடிதம் எழுதறான். அப்புறம் லாரா ஜீன் தன்னார்வலரா வேலை பார்க்கிற பெல்வியூ முதியோர் இல்லத்துக்கே அவனும் தன்னார்வலரா வந்து நிக்கிறான்.

முதல் படம் ஏன் அவ்வளவு நல்லா ஒட்டிச்சு?

ரெண்டாவது ஏன் தடுமாறுதுன்னு புரியணும்னா, முதல் படத்துல என்ன வேலை செஞ்சதுன்னு பார்க்கணும்.

பொய்க் காதல்ங்கிறது ரொமான்ஸ் கதைகள்ல ரொம்பப் பழைய உத்தி. ஆனா அதுக்குள்ள ஒரு அருமையான வசதி இருக்கு. நிஜக் காதல்ல ஆரம்பத்துல யாரும் வெளிப்படையாப் பேச மாட்டோம். ‘நான் என்ன சொன்னா இவ என்ன நினைப்பா’ன்னு கணக்கு ஓடிட்டே இருக்கும். பொய்க் காதல்ல அந்தக் கணக்கு கிடையாது. எப்படியும் நடிப்புதானே, இழக்க என்ன இருக்கு? அதனால லாரா ஜீனும் பீட்டரும் முதல் நாள்லயே விதிமுறைகளைத் தாள்ல எழுதறாங்க. முத்தம் கூடாதுன்னு அவ சொல்றா. அம்மா இல்லாத வீட்டைப் பத்தி அவளும், அப்பா விட்டுட்டுப் போன வீட்டைப் பத்தி அவனும் பேசிக்கிறாங்க. ரொம்ப நாள் பழகின ஜோடிகள் கூடப் பேசாத விஷயத்தை இவங்க சாதாரணமாப் பேசிடறாங்க. நாம காதல்ல விழறது அந்தப் பேச்சுலதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. இந்த நாவலைப் படமாக்க வந்த தயாரிப்பாளர்கள்ல பலர் நாயகியை வெள்ளைக்காரப் பொண்ணா மாத்தப் பார்த்தாங்க. ஜெனி ஹான் ஒத்துக்கலை. ஆசிய அமெரிக்கப் பொண்ணாவே வைக்க ஒரே ஒரு நிறுவனம்தான் சம்மதிச்சதுன்னு அவங்களே 2018-ல நியூயார்க் டைம்ஸ்ல எழுதினாங்க. படத்துல இது எங்கயும் பிரசங்கமா வராது. ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ங்கிற 1984 படத்தை இவங்க சேர்ந்து பார்க்கிற காட்சி ஞாபகம் இருக்கா? அதுல வர ஆசியக் கதாபாத்திரம் இனவெறித்தனமா இல்லையான்னு பீட்டர் கேப்பான். ரொம்பவேன்னு சொல்லிட்டு, இருந்தாலும் அந்தப் படத்து ஹீரோவுக்காகப் பார்ப்பேன்னு அவ சொல்லுவா. அவ்வளவுதான் காட்சி. நம்மளைக் கேலி பண்ற படங்களைப் பார்த்து, அதுலயே நமக்குப் பிடிச்சதைத் தேடி எடுத்து வளர்ந்த யாருக்கும் அந்த ரெண்டு வரி போதும்.

ஆக, முதல் படம் ஓடினதுக்குக் காரணம் ஜோடிப் பொருத்தம் மட்டும் இல்லை. கதையோட அமைப்பே ரெண்டு பேரையும் உண்மை பேச வச்சது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப இங்க வருவோம்.

காதல் கதைக்கு ரெண்டாம் பாகம் ஏன் கஷ்டம்?

துப்பறியும் கதைக்கு ரெண்டாம் பாகம் சுலபம். புது கொலை, அதே டிடெக்டிவ். காதல் கதைக்கு அப்படி இல்லை. முதல் பாகம் முழுக்க ஒரே கேள்வி: இவங்க சேருவாங்களா? சேர்ந்துட்டாங்க, கேள்வி முடிஞ்சுது. ரெண்டாம் பாகத்துக்குப் புதுசா ஒரு கேள்வி வேணும். அதுக்கு இருக்கிற சுலபமான வழி, மூணாவது ஆளைக் கொண்டு வர்றது. கஷ்டமான வழி, சேர்ந்த அப்புறம் அந்த ரெண்டு பேருக்கு நடுவுல நிஜமா என்ன நடக்கும்னு பார்க்கிறது.

இதுல ஒரு விசேஷம் என்னன்னா, ஜெனி ஹானோட ரெண்டாவது நாவல்ல அந்தக் கஷ்டமான கேள்வி தயாரா இருந்தது. முதல் படத்துல ஸ்கூல் பனிச்சறுக்கு டூர்ல, ஹாட் டப்ல ரெண்டு பேரும் முத்தம் கொடுக்கிற வீடியோ வெளிய வருமே? அந்த வீடியோ நாவல் வரிசையில வெளியாகிறது ரெண்டாவது புத்தகத்துல. 2015-ல வந்த அந்தப் புத்தகத்துல அது பெரிய நூல். இன்ஸ்டாகிராம்ல ஒரு அநாமதேயக் கணக்கு போடுது, ஸ்கூல் முழுக்கப் பரவுது. ஒரே தண்ணித் தொட்டியில இருந்த ரெண்டு பேர்ல, அசிங்கப்படறது பொண்ணு மட்டும்தான். பையனை யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. லாரா ஜீன் அதைக் கவனிக்கிறா, அவளுக்கு உள்ள எரியுது.

முதல் படத்துக்கு ஒரு பரபரப்பான கடைசிக் கட்டம் தேவைப்பட்டதால, திரைக்கதையில அந்த வீடியோவை முன்னாடியே இழுத்துட்டு வந்துட்டாங்க. அந்த ஒரு படத்துக்கு அது நல்ல முடிவு. வேகமா வந்து வேகமா முடிஞ்சுது. ஆனா ரெண்டாவது படத்துக்கான பெட்ரோலை முதல் படமே குடிச்சிடுச்சு. நாவல்ல பழைய நண்பர்கள் எல்லாம் சேர்ந்து ஆடற ஒரு விளையாட்டும் இருந்தது, அதுவும் படத்துல கிடையாது. மிச்சம் இருந்தது ரெண்டுதான்: ஜென் பத்தின பொறாமை, ஜான் ஆம்ப்ரோஸ். படம் மெலிசா இருக்குன்னு பலருக்குத் தோணினதுக்கு இது ஒரு நேரடிக் காரணம்னு நான் நினைக்கிறேன்.

வியாபாரமும் கொஞ்சம் உண்டு. 2018 கோடையில நெட்ஃபிளிக்ஸ் விட்ட காதல் படங்கள்ல ஏதாவது ஒண்ணையாவது 8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள்ல பார்த்தாங்கன்னு அந்த நிறுவனம் சொல்லிச்சு. அந்த வரிசையில பெரிய வெற்றி இந்தப் படம். அவ்வளவு பேர் காத்திருக்கும்போது அடுத்த பாகம் வராம இருக்காது. ரெண்டாவதையும் மூணாவதையும் அடுத்தடுத்து எடுத்தாங்க. முதல் படத்தை இயக்கின சூசன் ஜான்சன் இந்த ரெண்டையும் இயக்கலை. முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செஞ்ச மைக்கேல் ஃபிமோக்னாரி இயக்குநரா வந்தாரு. படம் பார்க்க இன்னும் பளபளப்பா இருக்கு, அந்த நிறங்கள், அந்த அறைகள் எல்லாம். ஆனா முதல் படத்துல இருந்த அந்த உட்கார்ந்து பேசற நிதானம் குறைஞ்சுடுச்சு.

எனக்கு நிஜமாவே பிடிச்சது

இப்போ நல்லதைச் சொல்றேன், ஏன்னா நிறைய இருக்கு.

லாரா ஜீனுக்கு பீட்டர்தான் எல்லாத்துலயும் முதல். முதல் காதலன், முதல் டேட், முதல் காதலர் தினம். அவனுக்கு இதெல்லாம் ரெண்டாவது தடவை, முதல் தடவை ஜென்னோட. அவன் ஒரு நல்ல விஷயம் செஞ்சா கூட, இதை அவளுக்கும் செஞ்சிருப்பானோன்னு அவளுக்குத் தோணுது. இதுல யாரும் தப்பு பண்ணலை. பீட்டர் ஏமாத்தலை, லாரா ஜீன் சந்தேகப் பிராணி இல்லை. ஆனாலும் வலி நிஜம். ராத்திரி ஒரு மணிக்கு, காதலனோட முன்னாள் காதலி பக்கத்துக்குப் போய், மூணு வருஷத்துக்கு முந்தின போட்டோ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிட்டு, கை தவறி லைக் விழுந்துடுமோன்னு பயந்தவங்களுக்கு இந்த வலி தெரியும். எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ பேர் அந்த ஒரு மணியைப் பார்த்திருக்காங்க. டீன் ஏஜ் படங்கள் இந்தப் பொறாமையை வழக்கமா காமெடி ஆக்கும், இல்லைன்னா முன்னாள் காதலியை வில்லி ஆக்கும்.

இந்தப் படம் ரெண்டையும் செய்யாம, அந்த ரெண்டு பொண்ணுங்களையும் ஒரு மர வீட்டுல உட்கார வைக்குது. மூணு படத்துலயும் எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி அது. ஜென்னோட அப்பா அம்மா பிரியறாங்க, அதுக்குத்தான் பீட்டர் அவளுக்குத் துணையா இருந்தான்னு தெரியவருது. அவனே அப்பா விட்டுட்டுப் போன வீட்டுல வளர்ந்தவன், அதனால அவனுக்கு அது புரியும். அந்தக் காட்சியில ஒரு பழைய நட்போட துக்கம் இருக்கு. காதல் முறிஞ்சா அழறதுக்குப் பாட்டு இருக்கு, படம் இருக்கு. உயிர்த் தோழியை இழந்தா அழறதுக்கு என்ன இருக்கு? லாரா ஜீன் இத்தனை நாள் ஜென்னைப் போட்டியாப் பார்த்தா. அவ ஒரு காலத்துல தன்னோட ஆளுங்கிறதை அந்த மர வீடு ஞாபகப்படுத்துது. ரெண்டு பேரும் திரும்பக் கட்டிப் பிடிச்சு தோழிகளாகிடலை, ஆனா கத்தியைக் கீழ வச்சுட்டாங்க. வாழ்க்கையிலயும் பெரும்பாலும் அவ்வளவுதான் நடக்கும்.

ரெண்டாவது, கொரியப் புத்தாண்டுக் காட்சி. பொண்ணுங்க ஹன்போக் உடுத்திக்கிட்டு அம்மா வழிச் சொந்தங்களைப் பார்க்கப் போறாங்க. சின்னக் காட்சிதான். ஆனா முதல் படத்துல அம்மா ஒரு ஞாபகமா மட்டும் இருந்தாங்க, இங்க அம்மாவோட மனுஷங்க இருக்காங்க. மூணாவது, முதியோர் இல்லத்துல வர ஸ்டார்மி. ஹாலண்ட் டெய்லர் நடிச்சிருக்காங்க. வாழ்க்கையை முழுசா வாழ்ந்து முடிச்ச ஒரு அம்மா, பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட அறிவுரை மாதிரி தெரியாம அறிவுரை சொல்றாங்க. அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு ட்ரீனாவுக்கும் நடுவுல துளிர்க்கிற உறவும் அழகு. ட்ரீனாவா நடிச்சது இந்திய வம்சாவளி நடிகை சரயு ப்ளூ.

ஜான் ஆம்ப்ரோஸ்னால வந்த வினை

சரி, இப்போ உறுத்தினது.

முதல் படத்தோட கடைசியில, பெயர்கள் ஓடும்போது நடுவுல ஒரு குட்டிக் காட்சி வரும். கையில பூவோட ஜான் ஆம்ப்ரோஸ் வாசல்ல நிப்பான். அது வேற நடிகர். ரெண்டாவது படம் அந்தக் காட்சி நடக்கவே இல்லாத மாதிரி, கடிதத்துல இருந்து ஆரம்பிக்குது. எனக்கு அந்த மாற்றம் பிடிச்சிருக்கு, ஏன்னா அதுல ஒரு நல்ல யோசனை ஒளிஞ்சிருக்கு.

லாரா ஜீன் யாரு? காதல் நாவல் படிக்கிறவ, கற்பனையில வாழறவ. முதல் படமே அவ தன்னை ஒரு நாவல் நாயகியா நினைச்சுக்கிற கனவுலதான் ஆரம்பிக்கும். அவளோட கடிதங்கள் எல்லாம் அந்தக் கற்பனை உலகத்துக்கு எழுதினது, அதனாலதான் அனுப்பலை. இப்போ அந்தக் கற்பனை உலகத்துல இருந்தே ஒரு பதில் வருது. பதில் எழுதினவன் நல்லா எழுதறான், பியானோ வாசிக்கிறான், புத்தகம் படிக்கிறான், பெரியவங்ககிட்ட மரியாதையா நடந்துக்கிறான், அவளை மாதிரியே யோசிக்கிறான். இன்னொரு பக்கம் பீட்டர். காதலர் தினத்துக்கு அவன் கொடுக்கிற கவிதை எட்கர் ஆலன் போ எழுதினது.

அதாவது ஒருத்தன் அவளை நல்லா வாசிக்கிறவன். இன்னொருத்தன் அவ கூட தினமும் இருக்கிறவன், சில நாள் சொதப்பறவன். நம்மளைப் புரிஞ்சுக்கிற மாதிரி பேசறவங்க மேல வர ஈர்ப்பும், நம்ம கூட இருந்து சண்டை போட்டுத் திரும்ப வர்றவங்க மேல இருக்கிற அன்பும் ஒண்ணு இல்லை. இதுல ஒரு முழுப் படமே இருக்கு.

ஆனா படம் அந்தப் படமா மாறலை. காரணம் ரெண்டு.

ஒண்ணு, ஜானை ரொம்பவே நல்லவனாப் படைச்சிட்டாங்க. ஜோர்டன் ஃபிஷர் வந்து சிரிச்சா போதும், பாதிப் பேர் கட்சி மாறியாச்சு. ஒரு குறை கூட இல்லாத ஆளை நிறுத்தி, அவனை அவ ஏன் வேண்டாம்னு சொல்லணும்ங்கிறதுக்குப் படம் காரணமே தர்றதில்லை. முக்கோணக் காதல்னா ரெண்டு பக்கமும் எடை சமமா, ரெண்டு பக்கமும் ஒரு விலையோட இருக்கணும். ஜெனி ஹானோட இன்னொரு நாவலான ‘தி சம்மர் ஐ டர்ண்ட் பிரட்டி’யை எடுத்துக்கங்க. 2009-ல வந்தது, 2022-ல இருந்து பிரைம் வீடியோல தொடரா வந்தது. அங்க அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் முதல் நாள்ல இருந்தே கதைக்குள்ள இருக்காங்க. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொருத்தரை இழக்கிறதுக்கு ஒரு விலை இருக்கு. இங்க ஜான் விருந்தாளி. படம் முடிஞ்சதும் கிளம்பிடுவான்னு நமக்கே தெரியும்.

ரெண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது. தனக்குக் காதலன் இருக்கான்னு லாரா ஜீன் ஜான்கிட்ட ரொம்ப நாள் சொல்றதே இல்லை. பழைய நண்பர்கள் எல்லாம் சேர்ந்து புதைச்சு வச்ச டைம் கேப்சூலைத் திறக்கிற அன்னைக்குத்தான் அவனுக்குத் தெரியுது. அதே நேரத்துல, அவ சொல்லவே இல்லைங்கிறது பீட்டருக்கும் தெரியுது. ஒரே இடத்துல ரெண்டு பேருக்கும் அடி. இது சாதாரணத் தப்பு இல்லை, இதுக்குப் பின்னாடி ஒரு ஆசை இருக்கு. யாரோ ஒருத்தரோட கண்ணுல தான் முதலா இருக்கணும்ங்கிற ஆசை. பீட்டர்கிட்ட கிடைக்காதது ஜான்கிட்ட கிடைக்குது. ஆரம்பத்துல சொன்ன அந்தப் பெரிய கேள்வியோட வேர் இங்கதான் இருக்கு. இந்த இடத்துல ரெண்டே நிமிஷம் நின்னு அவளையே அதை வாய் விட்டுச் சொல்ல வச்சிருந்தா, படம் வேற உயரத்துக்குப் போயிருக்கும். படம் நிக்கலை, அடுத்த பாட்டுக்குப் போயிடுது.

முதல் படத்தோட அமைப்பு அவங்களை உண்மை பேச வச்சதுன்னு சொன்னேன் இல்லையா? ரெண்டாவது படத்தோட அமைப்பு நேர் எதிர். யாராவது ஒருத்தர் ஒரு வாக்கியம் உண்மை பேசினா கதையே முடிஞ்சுடும். ஜென் வீட்டுப் பிரச்னையை பீட்டர் சொல்லிருந்தா முடிஞ்சுது. எனக்குக் காதலன் இருக்கான்னு லாரா ஜீன் சொல்லிருந்தா முடிஞ்சுது. அதனால கதை ஓடணும்னா ரெண்டு பேரும் வாயை மூடிட்டு இருக்கணும். பார்க்கிற நமக்கு எரிச்சல் வர்றது அதனாலதான்.

அந்தப் பனி ராத்திரி

முடிவுக்கு வருவோம். பெல்வியூல பெரிய நடன விருந்து. லாரா ஜீனும் ஜானும் அழகா உடுத்தி ஆடறாங்க. வெளிய பனி கொட்டுது. பனிக்கு நடுவுல ஜான் அவளுக்கு முத்தம் கொடுக்கிறான். அந்த முத்தத்துலதான் அவளுக்கு பீட்டர் ஞாபகம் வருது. ஜான்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வெளிய ஓடி வந்தா, வாசல்ல பீட்டர் நிக்கிறான். ஏன் வந்தான்? பனியில கார் ஓட்ட அவளுக்குப் பிடிக்காதுன்னு அவனுக்குத் தெரியும், அதுக்காக வந்திருக்கான்.

எனக்கு அந்தக் காரணம் ரொம்பப் பிடிச்சிருக்கு, இதை ஒளிக்க மாட்டேன். முதல் படத்துல இருந்தே அவளுக்கு கார் ஓட்டறதுன்னா பயம். பீட்டர் கவிதை எழுதத் தெரியாதவன்தான், ஆனா இதை ஞாபகம் வச்சிருக்கான். ஒருத்தரோட சின்னச் சின்னப் பயங்களைத் தெரிஞ்சு வச்சிருக்கிறதுதான் காதல்னு படம் சொல்ல வந்தா, அதை விட நல்ல படிமம் கிடைக்காது.

ஆனா அதுக்கு முந்தின நிமிஷத்தைப் பாருங்க. ஒரு முத்தம், உடனே ஞானோதயம். அவ யோசிச்சு முடிவெடுக்கலை, அவளுக்கு முடிவு தோணுது. பீட்டர் தன் பக்கம் தவறினதைப் பத்திப் பெரிசா ஒண்ணும் பேச வேண்டியதில்லாமப் போயிடுது. ஜானுக்கு ஒரு சோகமான சிரிப்பு, அதோட சரி. முதல்ல கேட்ட கேள்வி என்ன ஆச்சு? அவ இன்னும் அவனுக்கு ரெண்டாவதுதானே? அந்த நினைப்போட இனி எப்படி இருக்கப் போறா? படம் பதில் சொல்லாம, பனியில ஒரு முத்தத்தைக் கொடுத்து அனுப்பிடுது.

நல்ல ரொமான்ஸ் முடிவுல ஒரு கதாபாத்திரம் எதையாவது விட்டுக் கொடுத்து இன்னொண்ணை எடுக்கும், அந்த விலை நமக்குத் தெரியும். இங்க விலையை ஜான் மட்டும்தான் கட்டறான். டீம் ஜான் ஆளுங்க இன்னும் கோவமா இருக்கிறதுக்கு ஜோர்டன் ஃபிஷரோட சிரிப்பு மட்டும் காரணம் இல்லை, இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மூணாவது படம் பார்த்த அப்புறம்

2021 பிப்ரவரி 12-ல ‘ஆல்வேஸ் அண்ட் ஃபாரெவர்’ வந்தது. அதுல மூணாவது ஆளே இல்லை. காலேஜ்தான் பிரச்னை. பீட்டருக்கு ஸ்டான்ஃபோர்டு, அவளுக்கு அங்க இடம் கிடைக்கலை. அவளுக்குப் பிடிச்சது நியூயார்க். பக்கத்துல இருக்கிற காலேஜா, மனசுக்குப் பிடிச்ச காலேஜா? அவ நியூயார்க்கை எடுக்கறா. அந்த முடிவை அவளே யோசிச்சு, பயந்து, வாய் விட்டுச் சொல்லி எடுக்கறா. ரெண்டாவது படத்துல நான் தேடினது எனக்கு அங்க கிடைச்சுது. ரெண்டே பேருக்கு நடுவுல, வில்லன் இல்லாம, மூணாவது ஆள் இல்லாம ஒரு நல்ல கதை சொல்ல முடியும்னு இந்த வரிசையே நிரூபிச்சது. அதனால நடுப் படம் மேல எனக்கு வருத்தம் கொஞ்சம் கூடித்தான் போச்சு.

அப்போ இந்தப் படத்தைப் பார்க்கலாமா? கண்டிப்பாப் பாருங்க. மர வீட்டுக் காட்சிக்காகப் பாருங்க, ஸ்டார்மிக்காகப் பாருங்க. பார்க்கும்போது ஒண்ணு மட்டும் செய்யுங்க. யார் பக்கம் நிக்கிறதுன்னு யோசிக்கிறதை விட்டுட்டு, எந்த இடத்துல எந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிருந்தா இவங்களுக்கு இவ்வளவு வலி வந்திருக்காதுன்னு தேடுங்க. எனக்கு மூணு இடம் கிடைச்சுது. அதுல ஒரு வாக்கியம், “உன்னோட பழைய வாழ்க்கையை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு.” சொல்றதுக்கு ரொம்பக் கஷ்டமான வாக்கியம். கேக்கிறவங்களுக்கும் கஷ்டம். ஆனா அதைச் சொல்லாம மூடி வச்சா அது வேற ஏதோ ஒரு கதவு வழியா வெளிய வரும், ஒரு ஜான் ஆம்ப்ரோஸ் வடிவத்துல கூட.

இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல யாராவது அந்த ஒரு மணி ஸ்க்ரோல்ல மாட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா, ஃபோனைக் கவுத்து வச்சுட்டு நாளைக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்க. எதிர்ல இருக்கிறவங்க அதைக் கேட்டு என்ன செய்யறாங்கன்னு பார்த்தா, அவங்க யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். அதுக்கு எந்த டீமும் தேவையில்லை.

நீங்க தேடினதுல எத்தனை இடம் கிடைச்சுதுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.